பெயர் இருந்தால் கையெழுத்தாகிவிடுமா?

கேள்வி: ஜார்ஜ்டவுனில் பழம்பொருள் கடை ஒன்றில், ஓவியர் அலெக்ஸ் ரேமண்ட் கையெழுத்திட்ட ஃபிளாஷ் கார்டன் சித்திரக்கதையின் வண்ண அச்சுப்படத்தை 1,200 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். ஓரத்தில் பென்சிலில் 112/500 என்று எண்ணும் உள்ளது. ஈரம் தாக்காமல் இருக்க லேமினேட் செய்துவிடலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: லேமினேட் செய்வதைப் பற்றிப் பிறகு பேசலாம். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் ஓவியரின் பெயர் கடைசிக் கட்டத்துக்குள், படத்தின் கறுப்புக் கோடுகளோடு கோடாக நிற்கிறது. மூலப்படத்தில் அவர் மையால் எழுதி, படத்தோடு சேர்ந்தே அச்சேறிய பெயர் அது. இந்தச் சித்திரக்கதைப் பக்கம் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை வாங்கிய எல்லா வீடுகளுக்கும் அதே பெயர் போயிருக்கும். அதைக் காட்டி 'கையெழுத்திட்ட படம்' என்று விற்பது தவறு, வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

112/500 என்றால் 500 பிரதிகளில் 112-ஆவது என்று பொருள். வழக்கமாக ஓவியர் இந்த எண்ணையும் தன் பெயரையும் படத்துக்குக் கீழே உள்ள வெற்று ஓரத்தில் ஒரே பென்சிலால் எழுதுவார். உங்கள் படத்தில் எண் மட்டும் தனியாக இருப்பதே சந்தேகத்துக்கு இடம் தருகிறது. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பென்சில் எழுத்து மினுங்கும். அழுத்தி எழுதியிருந்தால் பின்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும். அச்சான பெயரில் இவை இரண்டும் இருக்காது.

ரேமண்ட் 1934 ஜனவரி 7-இல் ஃபிளாஷ் கார்டனைத் தொடங்கி 1944 வரை வரைந்தார், பிறகு 1946-இல் ரிப் கிர்பி என்ற துப்பறியும் சித்திரக்கதையைத் தொடங்கினார், 1956 செப்டம்பர் 6-இல் 46 வயதில் கார் விபத்தில் மறைந்தார். அதற்குப் பின் செய்யப்பட்ட தாளில் அவர் கைபட வாய்ப்பே இல்லை. கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க நாணய மாற்றுக் கடைகளில் வைத்திருக்கும் புறஊதா விளக்கின்கீழ் படத்தைக் காட்டுங்கள். தாள் நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. அத்தகைய தாள் பரவலானது 1950-களில்தான். ஒளிராவிட்டால் மட்டும் அது பழையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ரேமண்டின் தூரிகைக் கோட்டை நேசிப்பவர், அவர் காலத்திலேயே அச்சான ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் தேடி வாங்குவதே முறை என்பது என் உறுதியான கருத்து. பழுத்துப்போன மலிவான பத்திரிகைத் தாள்தான். ஆனால் அந்தத் தாளை மனத்தில் வைத்தே அவர் வரைந்தார்.

லேமினேட் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் உருகும் பசை தாளின் நாருக்குள் இறங்கிவிட்டால் எவராலும் பிரிக்க முடியாது. என்னிடம் இருந்த ஒரு பழைய பக்கத்தை ஃபிரேம் போட்டவர் செல்லோடேப்பால் ஒட்டித் தந்தார். சில ஆண்டுகளில் மேல்விளிம்பு நெடுகிலும் தேயிலைக் கறை போன்ற பழுப்புப் பட்டை ஏறிவிட்டது, இன்றும் அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அமிலமற்ற அட்டை வைத்து, கண்ணாடி தாளில் ஒட்டாதபடி இடைவெளி விட்டு, மழைச்சாரல் அடிக்கும் சுவரைத் தவிர்த்து மாட்டினால் நம் பினாங்கு ஈரத்தில் பூஞ்சை பிடிப்பதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

ஆனால் ஃபிரேம் கடைக்குப் போகுமுன் ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் 'ஓவியர் கையெழுத்திட்டது' என்று எழுதியிருந்தால், படத்தோடு கடைக்குச் சென்று பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் நீங்களே, வழக்கறிஞர் இல்லாமல், மனுச் செய்யலாம்.