ஜப்பானிய மர அச்சுப் படங்களில் பட்டம் சும்மா அழகுக்காகத்தான் வருகிறதா?

அழகுக்கும்தான். ஆனால் அது மட்டும் இல்லை. எதோ, அதாவது இன்றைய டோக்கியோ, புத்தாண்டுக்குப் பட்டம் விட்ட ஊர். வானத்தில் நாலு பட்டம் தெரிந்தால் 'புத்தாண்டு' என்று எழுதிக்காட்ட வேண்டியதில்லை, பார்ப்பவர்களுக்கே புரிந்துவிடும். ஓவியருக்கு அது வசதி. பதிப்பாளருக்கு இன்னொரு வசதியும் இருந்தது.

ஓவியர் ஹொகுசாயின் 'ஃபூஜி மலையின் 36 காட்சிகள்' 1830-களின் தொடக்கத்தில் வந்த தொடர். அதில் சுருகாச்சோ தெருவின் மிட்சுய் துணிக்கடையை வரைந்த படம் ஒன்று உண்டு. (அந்த இடத்தில் இன்று மிட்சுகோஷி பல்பொருள் அங்காடி நிற்கிறது.) இரண்டு பக்கமும் கடைக் கட்டடங்கள், நடுவே ஃபூஜி, கூரைமேல் ஓடு வேய்கிற ஆட்கள். மேலே பறக்கும் பட்டம் ஒன்றில் நீண்ட ஆயுளை வாழ்த்தும் 'கொத்தொபுகி' எழுத்து இருக்கிறது. புத்தாண்டு வாழ்த்து என்று நினைத்துக் கடந்துவிடலாம். ஆனால் தொடரை வெளியிட்ட நிஷிமுராயா யொஹாச்சியின் கடைப் பெயரான 'எய்ஜுதோ'விலும் அதே எழுத்துதான் வருகிறது, அங்கே அதை 'ஜு' என்று படிப்பார்கள். இந்தத் தொடரின் வேறு படங்களிலும் பதிப்பாளர் பெயர் எட்டிப் பார்ப்பதால், இதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இன்னொரு ஓவியரான ஹிரோஷிகேயும் லேசுப்பட்டவர் இல்லை. 'எதோவின் 100 புகழ்பெற்ற காட்சிகள்' தொடரில் கசுமிகசேகி படத்தைப் பாருங்கள். அது பிரபுக்களின் மாளிகைகள் இருந்த பகுதி. அங்கே பறக்கிற பட்டம் ஒன்றில் 'மீன்' என்று பொருள்படும் எழுத்து. பதிப்பாளர் பெயர் உவோயா எய்கிச்சி, அதன் முதல் எழுத்தே 'மீன்'தான்! மாளிகைகளுக்கு மேலே வானத்தில் இலவச விளம்பரம்.

எனக்கு மிகவும் பிடித்தது விளம்பரம் இல்லாத ஒன்று. 1830-களில் வந்த ஹிரோஷிகேயின் தொக்கைதோ நெடுஞ்சாலைத் தொடரில் வரும், ககேகவா என்ற ஊரின் படம். பாலத்தில் ஒரு முதிய தம்பதி எதிர்காற்றில் குனிந்து தடுமாறிக்கொண்டு வருகிறார்கள். மேலே ஒரு பட்டம் ஓவியத்தின் சட்டக் கோட்டையே தாண்டி வெளியே போய்விட்டது. தூரத்தில் இன்னொன்று நூல் அறுந்து அலைகிறது. காற்றை வரைய முடியாது, அதன் வேலையைத்தான் வரைய முடியும். அதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. பின்னால் வயலில் நாற்று நடுகிறார்கள், ஆகவே இது புத்தாண்டும் இல்லை. அந்த வட்டாரத்தில் பட்டம் ஆண் குழந்தைகளுக்கான ஐந்தாம் மாத விழாவோடு சேர்ந்தது. பக்கத்து ஹமமட்சுவில் இன்றும் மே 3 முதல் 5 வரை பிரம்மாண்டமாகப் பட்டம் விடுகிறார்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பட்ட நூலையும் கவனியுங்கள். மர அச்சில் மை ஏறுவது மேடாக நிற்கும் இடத்தில்தான். அந்த மெல்லிய கோடு நிற்க வேண்டுமானால், செதுக்குபவர் அதன் இரு பக்கமும் உள்ள மரத்தைக் குடைந்து எடுக்க வேண்டும். உளி கொஞ்சம் பிசகினால் அச்சிலும் நூல் அறுந்துவிடும். ஓவியர் பெயர் நமக்குத் தெரிகிறது, இந்த வேலையைச் செய்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் தெரிவதில்லை.

அப்புறம், எதோவின் பட்டங்களே அச்சுப் படங்களின் பாணியில் வரையப்பட்டவை: போர்வீரர்கள், கபுகி நாடக நடிகர்கள், அடர்த்தியான வண்ணம். அந்தக் கலையைக் கடைசிவரை பிடித்து வைத்திருந்தவர்களில் ஒருவர் தெய்ஸோ ஹஷிமொதோ (1904–1991). அவருடைய பட்டங்களையும் தேடிப் பாருங்கள்.