ஓட்டு எண்ணும் நாளில் வரும் படபடப்புக்கு என்ன செய்வது?

வியாசர்பாடியில் இருப்பதாகவும், தேர்தல் நெருங்கினால் தூக்கம் போய் நெஞ்சு படபடப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

4 எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள், 5 நிமிடம். விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும். பலர் வேகவேகமாக ஆழமாக இழுத்து, தலைசுற்றி, பயம் கூடி விட்டுவிடுகிறார்கள்.

எண்ணிக்கை காலை 8 மணிக்குத் தபால் ஓட்டில் தொடங்கும். ஆரம்பச் சுற்றுகளில் முன்னிலை மாறிக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடம்பு பதறும். மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை பார்த்தால் போதும். நடுவில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு காசிமேடு பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம்.

தூக்கமின்மை 2 வாரம் நீடித்தால் 14416-க்கு போன் செய்யுங்கள்; அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். நெஞ்சு வலியோடு வியர்வையும் கை வலியும் சேர்ந்தால் காத்திருக்காதீர்கள், உடனே 108.