இனவெறி வன்முறையை உள்நாட்டுப் பயங்கரவாதம் என்று சொல்லலாமா?

அடிபட்டவரைத் தாண்டி அவருடைய இனத்தையே மிரட்டவோ அரசைப் பணியவைக்கவோ செய்தால், சொல்லலாம். அந்த நோக்கம்தான் அளவுகோல். மட்டக்களப்பு வாவியில் சொந்தப் பகையில் ஒருவரின் வலையை அறுத்தால் நட்டம் அவருக்கு மட்டும். "உங்கட ஆக்கள் இங்க வலை போடக்கூடாது" என்று அறுத்தால் அந்த ஊரிலிருந்து ஒரு தோணியும் இறங்காது.

2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்ற வதந்தியால் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. பயந்தது கடைக்காரர் மட்டுமல்ல.

பெயர் சரி. ஆனால் அதற்காக இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கேட்பது ஆபத்து: 1979இல் வந்த அந்தச் சட்டம் குற்றச்சாட்டே இல்லாமல் 18 மாதம்வரை தடுத்துவைக்க விட்டது (2022 திருத்தத்தில் 12). அதில் பெருமளவு அகப்பட்டது சிறுபான்மையினர்தான். இனவெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு அழைப்பவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம்) இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவில் 10 ஆண்டுவரை கடூழியச் சிறை.

பயங்கரவாத வழக்குப் போடாவிட்டால் தண்டனை குறையும் என்று பலர் நினைப்பது தவறு: அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 2015இல் கறுப்பினத்தவர் 9 பேரைக் கொன்றவருக்கு, அந்தக் குற்றச்சாட்டு இல்லாமலே, வெறுப்புக் குற்ற வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டது.