அண்ணாச்சி பதில்கள்: பழைய கன்டம், எங்கிருந்து தொடங்க?

கே: அண்ணாச்சி, ‘மொபைல் சூட் கன்டம்’ங்கிற ஜப்பானிய ரோபோ கார்ட்டூன் தொடரைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. தேடினா நாற்பது வருஷத்துச் சரக்கு வந்து கொட்டுது. தினமும் காலேஜ் பஸ்ஸில் போனில் பார்க்கிற நேரம்தான் எனக்கு. புதுசில் ஆரம்பிச்சிட்டுப் பழசுக்கு வான்னு கூட்டாளிகள் சொல்றாங்க. சரியா?
– கல்லூரி மாணவர், ஆலங்குளம்

ப: வேண்டாம் தம்பி. 1979-இல் வந்த முதல் தொடரிலேயே ஆரம்பிங்க. மொத்தம் 43 எபிசோடு, ஒவ்வொன்றும் 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆலங்குளத்தில் ஏறினால் பாளை வருவதற்குள் இரண்டு தாராளமாகப் பார்க்கலாம்.

முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரிகளான ஜியோன் படையின் ஸாக்கு ரோபோக்கள் ஒரு விண்வெளிக் காலனியை உளவு பார்க்க வருகின்றன. பார்த்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான் உத்தரவு. ஆனால் அதில் ஒரு சிப்பாய்க்குப் பேர் வாங்கும் அவசரம், மீறிச் சுட ஆரம்பிக்கிறான், அக்கம்பக்கத்துச் சனங்கள் கண்ணெதிரே சாகிறார்கள். கதாநாயகனான 15 வயது அமுரோ கையில் கிடைத்த கையேட்டைப் புரட்டிக்கொண்டே கன்டம் என்கிற ரோபோவுக்குள் ஏறி உட்கார்ந்து, எந்தப் பொத்தான் எதற்கென்று தேடித் தேடி அதை எழுப்புகிறான். எழுந்த கன்டம் எதிரே நிற்கிற ஸாக்குவின் மூஞ்சியில் இருக்கும் குழாயைப் பிடித்துப் பிய்த்து எடுக்கும். அதில் வீரம் ஒன்றும் கிடையாது, பயந்துபோன ஒரு பையனின் கை அது. இதைப் பார்க்காமல் புதிய தொடர்களுக்குப் போனால் ரோபோ தெரியும், எதற்காக அந்த ரோபோவை உருவாக்கினார்கள் என்பது தெரியாது.

அதற்கு முன்பு வந்த ரோபோ தொடர்களில் பெரும்பாலும் வாரம் ஓர் அரக்கன் வருவான், நாயகனின் ரோபோ அவனை அடித்துப் போடும். இயக்குநர் யோஷியுகி டோமினோ அதைப் போர்க்கதையாக மாற்றினார். இங்கே ரோபோவுக்குக் குண்டு தீர்ந்துபோகும், பழுது பார்க்க ஆள் வேண்டும், அமுரோ போகும் விண்வெளிக் கப்பலில் உப்பு தீர்கிறதே என்று சமையல்காரர் கவலைப்படுவார். அப்போது பார்த்தவர்கள் குறைவு, பொம்மை விற்கும் ஸ்பான்சருக்கும் திருப்தி இல்லை, 52 எபிசோடாகத் திட்டமிட்டதை 43-இல் முடித்துவிட்டார்கள். மறு ஒளிபரப்பும் 1980-இல் பண்டாய் என்ற பொம்மை நிறுவனம் கொண்டுவந்த பிளாஸ்டிக் ரோபோ கிட்டுகளும்தான் அதைத் தூக்கி நிறுத்தின.

1981, 82-இல் இதையே மூன்று படமாகத் தொகுத்தார்கள். ஏழு மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். நேரமே இல்லை என்றால் அது போதும், ஆனால் அந்தக் கப்பலில் இருக்கிற பிள்ளைகள் நாளுக்கு நாள் களைத்துப்போவதை உணர வேண்டுமென்றால் தொடர்தான்.

கே: மூணு எபிசோடோட நிறுத்திட்டேன். படம் ரொம்பப் பழசு, சில இடத்தில் முகமே கோணலா இருக்கு. இதை எப்படி முழுசாப் பார்க்கிறது?
– வாசகி, மேலப்பாளையம்

ப: கோணல் இருக்கத்தான் செய்கிறது. கதாபாத்திரங்களை வடிவமைத்து ஓவியத்தையும் மேற்பார்த்த யோஷிகாசு யசுஹிகோ பாதி வேலையில் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார், பின்பகுதியில் அது தெரியும். 15-ஆவது எபிசோடு இன்னும் மோசம், அமெரிக்க வெளியீட்டில் அதைச் சேர்க்கவே இல்லை. அப்புறம் அதே கதையை 2022-இல் அதே யசுஹிகோ முழுநீளப் படமாக எடுத்தார். படையை விட்டு ஓடிவந்து, ஒரு தீவில் அநாதைப் பிள்ளைகளை வளர்க்கும் சிப்பாயின் கதை. இரண்டையும் பார்க்கலாம்.

ஆனால் நீங்கள் 13-ஆவது வரை போங்கம்மா, அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். அமுரோ பல வருஷம் கழித்து அம்மாவைப் பார்க்கப் போகிறான். எதிரிச் சிப்பாய்கள் தேடி வர, நோயாளி மாதிரி போர்வைக்குள் படுத்திருந்து, உள்ளே வைத்திருந்த துப்பாக்கியால் ஒருவனைச் சுடுகிறான். அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்குமே என்று அம்மா பதறுகிறாள். பெற்ற மகன் பிழைத்ததைவிட அவன் சுட்டதுதான் அவளுக்குப் பெரிதாகப் படுகிறது. மகன் முகம் போகிற போக்கைப் பாருங்கள், அங்கே கோட்டில் ஒரு குறையும் தெரியாது.

கே: ஏவுகணை இருக்கிற காலத்தில் எதுக்கு மனுஷ உருவத்தில் ரோபோ வச்சு நேருக்கு நேர் சண்டை? அந்தக் காலனி எல்லாம் சாத்தியமா?
– இயற்பியல் ஆசிரியர், விக்கிரமசிங்கபுரம்

ப: மினோவ்ஸ்கி துகள் என்று ஒன்றைக் கற்பனை செய்திருக்கிறார்கள். அதைப் பரப்பிவிட்டால் ரேடார் வேலை செய்யாது, வானொலித் தொடர்பும் அறுந்துபோகும், ஏவுகணைக்குக் குறி தெரியாது. அப்புறம் கண்ணால் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். இந்த ஒரு விதியை ஒத்துக்கொண்டால் மீதி எல்லாம் ஒழுங்காக நிற்கும்.

காலனி முழுக் கற்பனை இல்லை சார். 1970-களில் ஜெரார்ட் ஓ’நீல் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கணக்குப் போட்டுக் காட்டிய உருளை அது. நீளம் 32 கிலோமீட்டர், நெல்லையிலிருந்து உங்கள் பக்கத்து அம்பாசமுத்திரம் வரைக்கும் கிட்டத்தட்ட வரும். ஆரம் 3.2 கிலோமீட்டர். சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால் உள்சுவரில் நிற்பவருக்குப் பூமியின் ஈர்ப்பு மாதிரியே இருக்கும். வகுப்பில் மையநோக்கு விசை நடத்தும்போது இதையே கணக்காகக் கொடுங்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள்.

கே: எட்டு வயது மகளுக்குக் காட்டலாமா?
– கல்லிடைக்குறிச்சி வாசகர்

ப: இப்போது வேண்டாம். நல்லவர்களும் சாகிறார்கள், அதுவும் திடீரென்று. பன்னிரண்டு, பதிமூன்று வயதாகட்டும், அப்போது கூட உட்கார்ந்து பாருங்கள்.

கே: முதல் தொடரை முடிச்சாச்சு அண்ணாச்சி. அடுத்து?
– தென்காசி வாசகர்

ப: 1985-இல் தொடங்கிய ‘ஸீட்டா கன்டம்’, 50 எபிசோடு, முதல் தொடரைவிட இருட்டான கதை. அதன் பிறகு ‘டபுள் ஸீட்டா’, கடைசியாக அமுரோவும் அவனுடைய பழைய எதிரி ஷாரும் மோதும் 1988-ஆம் வருஷப் படம். நடுவில் மூச்சு வாங்க வேண்டுமென்றால் 1989-இல் வந்த ‘0080’, ஆறே எபிசோடு, ஒரு சின்னப் பையன் கண்ணால் பார்க்கிற போர். ‘விங்’, ‘சீட்’, ‘டபுள் ஓ’ எல்லாம் தனித்தனி உலகம், இந்தக் கதையோடு ஒட்டாது, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.