பதியாத உயில், உயிரோடு ஒரே சாட்சி: வீடு என் பெயருக்கு வருமா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அப்பா 1986-ல் தன் சம்பளத்தில் வாங்கிய வீட்டை எனக்கு என்று 2019-ல் உயில் எழுதி வைத்தார். வெள்ளைத்தாள்தான், பதிவு செய்யவில்லை. போன ஆண்டு அப்பா காலமானார். அம்மா முன்பே போய்விட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் இப்போது இல்லை. இன்னொருவர் அப்பாவோடு வேலை பார்த்தவர், 78 வயது. அண்ணன் சென்னையில் இருக்கிறார். எதிர்த்தும் பேசவில்லை, கையெழுத்துப் போடவும் மாட்டேன் என்கிறார். தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஒருவர், 'பதியாத உயில் செல்லாது, புரோபேட் வாங்கணும், மூணு லட்சம் ஆகும், ஒரிஜினலைக் கொடுங்க, எல்லாம் முடிச்சுத் தர்றேன்' என்கிறார். என்ன செய்ய?"

முதலில் ஒரிஜினலை அவரிடம் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அவர் சொன்ன இரண்டும் தவறு. உயிலைப் பதிவு செய்வது எழுதுபவரின் விருப்பம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிந்த உயிலை யாராலும் அசைக்க முடியாது என்பதும் ஊர்ப் பேச்சுதான். பதிந்த உயிலை எழுதியவரே பின்னாளில் ஒரு பதியாத உயிலால் ரத்து செய்துவிடலாம். அடுத்தது புரோபேட். உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று அது. இந்துக்களின் உயிலுக்குத் தமிழ்நாட்டில் அது கட்டாயமாக இருந்தது பழைய சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும் அந்த எல்லைக்குள் இருக்கும் சொத்துக்கும் மட்டும். கும்பகோணத்தில் எழுதிய, கும்பகோணம் வீட்டுக்கான உயிலுக்கு அது என்றைக்குமே கட்டாயமில்லை. போதாததற்கு, அதைக் கட்டாயமாக்கிய இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவையே 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. இல்லாத ஒரு கட்டாயத்துக்கு மூன்று லட்சம் கேட்கிறார்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த மாதிரி ஆட்களைப் பற்றித்தான்.

ஒரிஜினல் விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து கணவரின் உயிலை எடுத்து மேசைமேல் வைத்தார். பளபளவென்று லேமினேஷன் போட்டிருந்தது. "பத்திரமா இருக்கட்டும்னு அவரே போட்டுக் குடுத்தாரு சார்" என்றார். 'அவர்' என்பது ஒரு புரோக்கர். கையெழுத்து கணவருடையது இல்லை என்று எதிர்த்தரப்பு கிளப்பியது. பேனா எங்கே அழுந்தியது, எங்கே தயங்கியது என்பதைத்தான் தடயவியல் நிபுணர் பார்ப்பார். பிளாஸ்டிக்குக்கு அடியில் அதைப் பார்ப்பது பெரும்பாடு. அந்த வழக்கில் நாங்கள் பட்ட பாட்டை நீங்கள் படக் கூடாது. லேமினேஷன் வேண்டாம், பஞ்ச் வேண்டாம், ஸ்டேப்ளர் வேண்டாம், தாளில் பென்சிலால்கூட எதுவும் எழுத வேண்டாம். கெட்டியான ஒரு கவரில் போட்டு வையுங்கள். கேட்கிறவர்களுக்கு ஜெராக்ஸ் கொடுங்கள்.

இனி சாட்சி. உங்கள் வீடு அந்த 78 வயதுப் பெரியவரின் நினைவில்தான் நிற்கிறது. வழக்கு என்று வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது விசாரித்தே ஆக வேண்டும் என்பது சாட்சியச் சட்டம். ஒருவர் போதும். ஆனால் அவர் இரண்டையும் சொல்ல வேண்டும்: அப்பா என் முன்னால் கையெழுத்துப் போட்டார், நானும் அந்த இன்னொரு சாட்சியும் அப்பாவின் முன்னால் கையெழுத்துப் போட்டோம். 'நான் போட்டேன், அவர் எப்போது போட்டார் என்று தெரியாது' என்று சொன்னால் சிக்கல்தான். போய்ப் பாருங்கள், ஜெராக்ஸைக் காட்டி என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். சொல்லிக் கொடுக்காதீர்கள், குறுக்கு விசாரணையில் அது நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

இங்கே ஒன்றை நீங்கள் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு சாட்சிகள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒருவர் உயிலை எழுதிக் கொடுத்தவரா? கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். 'சாட்சிகள்' என்ற தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர் இருந்தால் கவலை இல்லை. 'சாட்சி' என்று ஒரு பெயர், 'எழுதியவர்' என்று ஒரு பெயர் இருந்தால் கவனம். எழுதியவர் எழுதினேன் என்பதற்காகத்தான் கையெழுத்துப் போடுகிறார். உங்கள் அப்பா கையெழுத்திட்டதற்குச் சாட்சியாகப் போடவில்லை. அவரைச் சாட்சிக் கணக்கில் சேர்க்க முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிடும், அந்த வாதத்துக்கு வலு உண்டு. அவரும் பார்த்தார், சாட்சி என்ற எண்ணத்தோடுதான் போட்டார் என்று நிரூபிக்க முடிந்தால் சேர்க்கலாம். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். தன் பெயரை 'எழுதியவர்' என்று ஒரு முறை, 'சாட்சி' என்று ஒரு முறை, இரண்டு இடத்தில் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. உயில் முழுக்கச் சரியாக இருந்து, இந்த ஒரு வரியில் சறுக்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வக்கீலைப் பார்க்கும்போது முதலில் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

பெரியவர் உடம்பு நன்றாக இருக்கும்போதே அவர் சொல்வதை அரசுப் பதிவில் ஏற்றிவிட வழி இருக்கிறது. உயில் வைத்தவர் இறந்த பிறகும் அதைப் பதியலாம், அதற்குக் காலக்கெடு கிடையாது. பலருக்கு இது தெரியாது. தெரிந்த சிலர் சொல்வதும் இல்லை. உயிலால் பயன் பெறுகிறவர் என்ற முறையில் நீங்களே சார்பதிவாளரிடம் தாக்கல் செய்யலாம். அவர் இறப்புச் சான்றிதழைப் பார்ப்பார், சாட்சியை விசாரிப்பார், தேவைப்பட்டவர்களுக்குத் தகவல் அனுப்புவார். உங்கள் அண்ணன் உண்மையில் எந்தப் பக்கம் என்பதும் அப்போது தெரிந்துவிடும். சில அலுவலகங்களில் உள்ளே போன உடனேயே 'இதெல்லாம் இப்ப பதியறதில்லம்மா, கோர்ட்டுக்குப் போங்க' என்று வாய்வார்த்தையாகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். சட்டம் கொடுத்திருக்கும் ஒரு வழியை ஒரு ஊழியர் வாயால் மூடுவது அநியாயம். பதிய மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த மறுப்பாணையின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் போகலாம். எழுதித் தரவேண்டும் என்று கேட்டதுமே பல இடங்களில் குரல் இறங்கும்.

அடுத்த பொறி பட்டா. வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள், தவறில்லை. பல இடங்களில் கேட்பார்கள். அது யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும், வீடு யாருக்கு என்று சொல்லாது. புரோக்கர்கள் இந்தச் சான்றிதழை வைத்தே பட்டாவை எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டாக மாற்றிக் கொடுத்துவிட்டு, 'முடிஞ்சுது' என்பார்கள். உயில் இல்லாமல் இறந்தவருக்குத்தான் அந்த வழி. கூட்டுப் பட்டா வந்துவிட்டால் அண்ணன் தன் பாதி என்று சொல்லி யாரோ ஒருவருக்கு எழுதிக் கொடுக்கலாம். வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்; அதில் உயில் வராது, பதிந்த உயில்கூட வராது, ஏனென்றால் உயில்கள் தனிப் புத்தகத்தில் ஏறுகின்றன. அதனால் உயிலின் நகலோடு தாசில்தாருக்கு இப்போதே மனு கொடுங்கள்: பட்டாவை உயிலின்படி மாற்ற வேண்டும், கூட்டாக மாற்ற ஆட்சேபிக்கிறேன் என்று. ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.

சில தாலுகா ஆபீஸ்களில், எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்டால்தான் உயிலின்படி பட்டா கேட்கும் மனுவையே எடுப்போம் என்கிறார்களாம். வாரிசுகள் ஒத்துப்போக மாட்டார்கள் என்று தெரிந்துதானே ஒரு அப்பா உயிலே எழுதுகிறார்? உங்கள் அண்ணனின் கையெழுத்தை வைத்து உங்கள் உரிமை வரவில்லை. அவர் எழுத்தில் எதிர்த்தால், தாசில்தார் உங்களைச் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார். அங்கே உரிமை விளம்புகை வழக்கு, அதாவது வீடு உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிக்கக் கேட்கும் வழக்கு, போட வேண்டும். பெரியவரின் வயதை மனுவில் சொல்லி, அவரை முதலிலேயே விசாரிக்கும்படி வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.

மூன்று லட்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள், காட்டுவார்கள். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். போகும்போது உயிலின் ஜெராக்ஸ், 1986 கிரயப் பத்திரத்தின் நகல், இறப்புச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துப் போங்கள். ஒரிஜினல் வீட்டிலேயே இருக்கட்டும்.