மிசோரத்தில் சின்னக் கட்சி ஆட்சியைப் பிடிக்கிறது, ராமநாதபுரத்தில் டெபாசிட்கூட ஏன் வாங்க முடியவில்லை?

மிசோரம் மாதிரி கிராமங்கள் நிறைந்த ஒரு சின்ன மாநிலத்தில் நேற்று வந்த கட்சி ஆட்சிக்கு வந்துவிடுகிறது, நம் பக்கம் சின்னக் கட்சிக்குப் போடும் ஓட்டு வீணாகத்தானே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த ஓட்டு எந்தத் தேர்தலில் விழுகிறது என்பதைப் பொறுத்தது அது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு தேர்தல் தேவைப்பட்டது.

எனக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் ஒரு மீனவக் கிராமம். 2021 சட்டமன்றத் தேர்தலில் பதிவு பெற்ற, ஆனால் அங்கீகாரம் இல்லாத ஒரு சின்னக் கட்சிக்கு எங்கள் ஊரில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தேன். வேட்பாளர் எங்கள் ஊர்க்காரர், நாட்டுப்படகு வைத்திருப்பவர். நான் மாமா என்று கூப்பிடும் முறை. பெரிய கட்சி வேட்பாளருக்கு மனுவில் ஒருவர் முன்மொழிந்தால் போதும், மாமா மாதிரி ஆட்களுக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். அந்தப் பத்துக் கையெழுத்தையும் எங்கள் தெருவிலேயே வாங்கிவிட்டோம். அன்றைக்கு எங்களுக்கு இருந்த தைரியத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

ஏப்ரல் 6, விடிவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஒன்றரை மணி நேரம் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும், ஏஜென்டுகள் முன்னால் மெஷினை அழுத்திக் காட்டி, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டு சீல் வைப்பார்கள். உட்காருவதற்கும் ஒரு வரிசை உண்டு. அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் ஏஜென்டுகள் முதலில், பதிவு மட்டும் பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். பேலட் யூனிட்டில், அதாவது ஓட்டுப் போடப் பொத்தான் அழுத்துகிற பெட்டியில், பெயர் வருகிற வரிசையும் இதே மாதிரிதான். எனக்கு ஜன்னல் ஓரம், கடைசி பெஞ்சு கிடைத்தது. கொரோனா காலம் என்பதால் வருகிறவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் கையுறை கொடுத்தார்கள். வலை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கைகள் அந்த மெல்லிய உறைக்குள் போகவே இல்லை, பாதிப் பேருக்கு விரலிலேயே கிழிந்தது.

முதல்நாள் சாயங்காலம் எதிர்வீட்டு அப்பத்தா என்னைக் கூப்பிட்டுக் கேட்டது: "ஏ ஆத்தா, நம்ம ஆளு எத்தனாவது பொத்தானுல இருக்கான்? மேலருந்து எண்ணணுமா கீழருந்து எண்ணணுமா?" பதினொன்றாவது என்று சொல்லி, நோட்டுத்தாளில் பதினொரு கட்டம் போட்டுக் காட்டிக்கொடுத்தேன். மறுநாள் வெளியே வரும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனது.

எங்கள் பூத்தில் மாமா நல்ல ஓட்டு வாங்கினார், பெரிய கட்சி ஒன்றைத் தாண்டியும் வந்தார். தொகுதி முழுக்க என்று பார்த்தால் ஒன்றும் இல்லை, டெபாசிட் போய்விட்டது.

இப்போது கணக்குக்கு வருகிறேன், இதைத்தான் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மிசோரம் மாநிலம் முழுவதற்கும் ஏறத்தாழ 11 லட்சம் பேர், ராமநாதபுரம் மாவட்டத்துக்கு 13.5 லட்சம் பேர். அதாவது அந்த மாநிலத்தைவிட எங்கள் மாவட்டத்தில் ஆள் அதிகம். ஆனால் அவர்களுக்கு 40 எம்.எல்.ஏ., எங்களுக்குப் பரமக்குடி, திருவாடானை, ராமநாதபுரம், முதுகுளத்தூர் என்று 4 பேர். சட்டமன்றத்தில் 60 பேருக்குக் குறையக்கூடாது என்பது அரசியலமைப்பின் பொது விதி, மிசோரம், சிக்கிம், கோவா போன்ற சின்ன மாநிலங்களுக்கு அதிலும் தனி விலக்கு. தமிழ்நாட்டில் 1967 முதல் 234தான். அங்கே 2023-இல் வாக்காளர் எட்டரை லட்சம், ஒரு தொகுதிக்குச் சராசரியாக 21 ஆயிரம் பேர். இங்கே ஒரு தொகுதிக்கு இரண்டரை, மூன்று லட்சம்.

டெபாசிட் திரும்ப வேண்டுமென்றால் செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்க வேண்டும். மிசோரத்தில் அது சுமார் 3,000 ஓட்டு. எங்கள் சட்டமன்றத் தொகுதியில் 35 ஆயிரத்துக்குப் பக்கத்தில் வரும். நாடாளுமன்றத் தொகுதியோ அறந்தாங்கி, திருச்சுழியையும் சேர்த்து 16 லட்சம் வாக்காளர்களைத் தாண்டியது. அங்கே கட்டிய 25,000 ரூபாயைத் திரும்ப வாங்கவே 2024-இல் கிட்டத்தட்ட 1.8 லட்சம் ஓட்டு வேண்டியிருந்தது. முப்பது வருஷம் மாநிலத்தை ஆண்ட அதிமுகவுக்கே அந்தத் தேர்தலில் இங்கே டெபாசிட் போனது என்றால் சின்னக் கட்சியின் கதியை யோசித்துப் பாருங்கள்.

21 ஆயிரம் வாக்காளர் என்றால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மாதத்தில் நடந்தே முடித்துவிடலாம். மூன்று லட்சம் என்றால் முடியாது. முன்னூறு பூத், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏஜென்ட், மாற்றிவிட ஒரு ஆள், டீ, சாப்பாடு, வண்டி. எங்கள் கட்சிக்கு அந்தத் தொகுதியில் முப்பது பூத்துக்கு மேல் ஆள் போட முடியவில்லை. மீதி இடங்களில் மாமாவின் பெயரைச் சொல்லவே ஒருவரும் இல்லை, எங்கள் தொகுதியின் உள்கிராமங்களிலேயே எங்களை யாருக்கும் தெரியாது. பிரசாரத்துக்கு வாடகை வண்டி எடுத்து ஒலிபெருக்கி கட்டிய மூன்றாம் நாளே கையிருப்பு தீர்ந்துபோனது.

என் சித்தப்பா மகன் மத்தியப் படையில் இருக்கிறான், 2023 நவம்பரில் மிசோரத்தில்தான் தேர்தல் பணி. போன் பண்ணும்போது ஆச்சரியப்பட்டுச் சொன்னான்: "அக்கா, இங்க கொடி தோரணம்னு ஒண்ணையும் பெருசா காணோம்க்கா. எல்லாக் கட்சி வேட்பாளரையும் ஒரே மேடையில உக்கார வச்சுப் பேசவிடுறாங்க, சனங்க அமைதியா கேட்டுட்டுப் போறாங்க." அது சர்ச்சுகள் சேர்ந்து 2006-இல் தொடங்கிய மிசோரம் மக்கள் மன்றத்தின் ஏற்பாடு. பேனர், கொடிக்கு அளவு, விருந்து வைக்கக்கூடாது, பொது மேடை என்று கட்சிகளோடு உடன்பாடு போட்டுக் கண்காணிக்கிறார்கள். காசு இல்லாத கட்சியும் காசு இருக்கிற கட்சியும் ஒரே உயரத்தில் நிற்கிற மாதிரி ஒரு இடம் அங்கே இருக்கிறது. எனக்கு அதைக் கேட்டபோது பொறாமையாகவே இருந்தது.

அப்புறம், நேற்று வந்த கட்சி என்று சொன்னீர்களே, அது சரியில்லை. மிசோரத்தில் ஆட்சியைப் பிடித்த சோரம் மக்கள் இயக்கம் பல சின்னக் கட்சிகள் ஒன்றுசேர்ந்து உண்டானது. 2018-இல் கட்சிப் பதிவுகூட முடியாமல், வேட்பாளர்கள் எல்லாரும் சுயேச்சையாக நின்று 8 இடம் பிடித்தார்கள். தலைவர் லால்துஹோமா ஐபிஎஸ் வேலையை விட்டு அரசியலுக்கு வந்தவர், கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் நாட்டிலேயே முதலில் பதவி இழந்த எம்.பி. 2018-இல் செர்ச்சிப் தொகுதியில் அப்போதைய முதலமைச்சர் லால் தன்ஹாவ்லாவைத் தோற்கடித்தார். சுயேச்சையாக ஜெயித்துவிட்டுக் கட்சியில் சேர்ந்தார் என்று 2020-இல் மறுபடியும் பதவி போனது, 2021 இடைத்தேர்தலில் திரும்ப ஜெயித்து வந்தார். 2023 மார்ச்சில் லுங்லே நகராட்சித் தேர்தலில் 11 வார்டையும் அந்தக் கட்சியே எடுத்தது. அதற்குப் பிறகுதான் அதே வருஷம் டிசம்பரில் 40-இல் 27. முதலமைச்சராக இருந்த சோரம்தங்காவே தன் தொகுதியில் தோற்றார். வருஷக்கணக்காகத் தோற்று, பதவி இழந்து, ஒன்றுசேர்ந்து, வார்டு பிடித்து, அதன் பிறகு கோட்டைக்குப் போயிருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் சின்னக் கட்சி ஜெயித்ததே இல்லையா என்றால், உண்டு. ராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் 2019, 2024 இரண்டு முறையும் முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனி ஏணிச் சின்னத்திலேயே ஜெயித்தார். 2011-இல் ராமநாதபுரம் சட்டமன்றத் தொகுதியில் மனிதநேய மக்கள் கட்சியின் ஜவாஹிருல்லா. முதுகுளத்தூர்ப் பக்கம் முத்துராமலிங்கத் தேவர் காலத்தில் பார்வர்டு பிளாக் காங்கிரசையே தோற்கடித்தது. ஆனால் லீக்கும் மமகவும் பெரிய கூட்டணியின் தோளில் ஏறித்தான் கரை சேர்ந்தன. சில கட்சிகள் தங்கள் சின்னத்தையும் விட்டுக்கொடுத்து நிற்கின்றன, எங்கள் திருவாடானையில் 2016-இல் முக்குலத்தோர் புலிப்படையின் கருணாஸ் இரட்டை இலையில் ஜெயித்தது போல. அப்படி ஜெயித்தால் சட்டத்தின் கண்ணில் அவர் அந்தப் பெரிய கட்சியின் உறுப்பினர்தான், அந்தக் கட்சிக் கொறடா சொல்வதைத்தான் கேட்க வேண்டும். தன் கட்சியின் குரலை எங்கே போய்ப் பேசுவார்?

இன்னொரு விஷயம், கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்குத்தான் இது உறைக்கும். எங்கள் ஊரில் ஓட்டு யாருக்கு என்று ஊர்க்கூட்டத்தில் பேசுவார்கள். எங்களுக்குத் தூண்டில் வளைவு, அதாவது கடல் அரிப்பைத் தடுக்கிற கல் தடுப்பு வேண்டும், இல்லையென்றால் கடல் வருஷா வருஷம் படகு நிறுத்துகிற இடத்தைத் தின்றுகொண்டே வருகிறது. பெரியவர்கள் சொல்வது, "பூத் வாரியா எண்ணும்போது நம்ம ஊரு யாருக்குப் போட்டுச்சுன்னு தெரிஞ்சுபோகும்மா. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மனு குடுக்கப் போறது?" அவர்கள் பயப்படுவதில் தப்பு சொல்ல முடியாது. ஒவ்வொரு மெஷினாகத்தான் எண்ணுகிறார்கள், எண்ணுமிடத்தில் நிற்கிற ஏஜென்டுகள் ஒவ்வொரு பூத்தையும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பல மெஷின்களின் ஓட்டை மொத்தமாகக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியை 2008-லேயே தேர்தல் ஆணையம் முன்மொழிந்தது, சட்ட ஆணையமும் 2015-இல் ஆதரித்தது, மத்திய அரசு ஏற்கவில்லை. ஒரு குப்பத்துக்கு ஒரு பூத் என்று இருக்கிற ஊரில் ரகசிய வாக்கு என்பது ஆளுக்குத்தான், ஊருக்கு இல்லை. அந்த ஒரு கருவி வந்திருந்தால் மாமாவுக்கு எங்களைச் சுற்றியுள்ள நாலு குப்பத்திலாவது இன்னும் ஓட்டு விழுந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, ஓட்டு வீணா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாமா 2021-க்கு முன்னால் ஒரு தேர்தலில் நின்றார், 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில், ஒன்றியக் கவுன்சிலருக்கு. அதற்குப் பச்சை நிற வாக்குச்சீட்டு. ஒன்றிய வார்டு என்பது சுமார் 5,000 பேர் மக்கள்தொகைக்கு ஒன்று. டெபாசிட் 600 ரூபாய். ஜீப் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, காலையில் மீன் ஏலம் முடிந்ததும் ஒரு தெரு, மாலையில் வலை பின்னுகிற இடத்தில் ஒரு அரை மணி நேரம், அவ்வளவுதான். 41 ஓட்டில் தோற்றார். வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியம், மாவட்டம் என்று நாலு நிறத்துச் சீட்டையும் பிரித்துப் பிரித்து எண்ணி முடிக்க ராத்திரியாகிவிட்டது, வெளியே பனியில் நின்றுகொண்டிருந்தோம், முடிவு தெரிந்தபோது யாரும் அழவில்லை, அடுத்த தடவை நம்மதுதான் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

அங்கேதான் கட்சி தப்புச் செய்தது. 41 ஓட்டில் போன வார்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல், ஒன்றரை வருஷத்துக்குள் அவரை எம்.எல்.ஏ. தேர்தலில் இறக்கிவிட்டது. பெயர் பரவும் என்றார்கள். கடன்தான் பரவியது, படகு இன்ஜினை விற்றார். இங்கே இருக்கிற பல சின்னக் கட்சிகள் இதையே திரும்பத் திரும்பச் செய்கின்றன, லுங்லேயைப் பிடிக்காமலே கோட்டைக்கு ஆசைப்படுகின்றன. கட்சியில் இருந்துகொண்டே இதை நான் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

ஆனால் முழுப் பழியையும் கட்சிகள் மேல் போடவும் எனக்கு மனசு வரவில்லை. சின்னக் கட்சி தனியாக நின்று ஜெயிக்க முடிகிற ஒரே தேர்தல் உள்ளாட்சித் தேர்தல், அதிகமாகத் தள்ளிப்போவதும் அதுதான். 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. அதில் ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்ததும் ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர்கள் கைக்குப் போயின. எம்.பி. தேர்தலை ஒரு மாதம் தள்ளிவைத்தால் நாடே கேட்கும். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலை மூன்று வருஷம் தள்ளிவைத்தால் மாமாவும் நாங்களும்தான் கேட்கிறோம்.

அதனால் உங்களுக்கு ஒரு சின்னக் கட்சி மனசுக்குப் பிடித்திருந்தால், அந்தக் கட்சிக்காரர்களிடம் முதலில் உங்கள் ஒன்றியத்தில் எத்தனை வார்டில் நிற்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் இருந்தால் அந்த வார்டில் கூடவே நடங்கள். அங்கே உங்கள் ஒரு ஓட்டு, உங்கள் வீட்டு நாலு ஓட்டு, எதிர்வீட்டு அப்பத்தாவின் ஓட்டு எல்லாம் எண்ணிக்கையில் நின்று பேசும். 41 ஓட்டு என்பது எங்கள் ஊரில் பத்து வீடு.

மாமா இப்போது ஒரு பழைய இன்ஜினை வாங்கிப் படகில் மாட்டியிருக்கிறார். போன வாரம் கரையில் பார்த்தபோது, பச்சைச் சீட்டுத் தேர்தல் அறிவித்தால் மறுபடி நிற்பேன், நீ ஏஜென்டாக உட்காருவியாம்மா என்று கேட்டார். உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். 2019 வாக்காளர் பட்டியல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அந்தப் பத்து வீடு எது எது என்று பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன்.