அமெரிக்கச் சிற்றூர்களுக்கும் ‘ஊர்’ என்ற தன்மை உண்டா? நியூ கிளாரஸை முன்வைத்து ஒரு பதில்

சோளக்காட்டின் நடுவே ஒரு பெட்ரோல் நிலையமும் இரண்டு தேவாலயங்களும் இருந்தால் அதற்கு அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஊர் என்று பெயர் வைத்துவிடுகிறார்களா, அல்லது சொல்லிக்கொள்ளும்படி வரலாறும் கூட்டு வாழ்வும் அங்கே உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பல மாநிலங்களைப் பற்றிப் பொத்தாம்பொதுவாகப் பேசுவதைவிட, விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் கவுண்டியில் இருக்கும் நியூ கிளாரஸ் என்ற ஒரே ஊரை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் மேடிசன் நகரிலிருந்து தெற்கே முக்கால் மணி நேரப் பயணத்தில் இருக்கும் இந்த ஊருக்கு அடிக்கடி போய்வருகிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் 2,266 பேர்தான்.

மத்திய மேற்கின் பெரும்பகுதி பனியுகத்தில் பனிப்பாறைகளால் தேய்க்கப்பட்டுத் தட்டையாகிப்போன நிலம். ஆனால் நியூ கிளாரஸ் இருக்கும் மேட்டு நிலத்தைப் பனிப்பாறைகள் தொடவில்லை என்பதால் குன்றுகளும் சிற்றாறுகளும் ஒடுங்கிய பள்ளத்தாக்குகளும் அங்கே அப்படியே நிற்கின்றன. சுவிட்சர்லாந்துக்காரர்கள் தங்கள் ஊரைப் போலவே இருக்கிறதே என்று மயங்கி இங்கே தங்கிவிட்டார்கள் என்று சுற்றுலாப் பயணிகளிடம் சொல்வதுண்டு. உண்மையில் அவர்கள் வந்தது திட்டமிட்ட குடியேற்றம். கைத்தறி நெசவை நம்பியிருந்த, சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்தில் இயந்திரங்கள் வந்த பிறகு வேலை போயிற்று. பிரித்துக் கொடுக்க நிலமும் இல்லை. எனவே மக்களை வெளியேற்றிக் குடியமர்த்துவதற்கென்றே ஒரு குடியேற்றச் சங்கம் அமைக்கப்பட்டது. நிக்கோலஸ் டூர்ஸ்ட், ஃபிரிடோலின் ஸ்ட்ரைஃப் என்ற இருவரை அச்சங்கம் 1845-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முன்கூட்டியே அனுப்பியது. அவர்கள் 1,200 ஏக்கர் விளைநிலத்தையும் 80 ஏக்கர் மரக்காட்டையும் விலைக்கு வாங்கினார்கள்.

பின்னால் வந்தவர்கள் பட்ட பாடு பெரிது. 1845 ஏப்ரல் 16-ஆம் தேதி கிளாரஸிலிருந்து 193 பேர் புறப்பட்டார்கள். ரைன் ஆற்று வழியாக ஹாலந்துக்கும், அங்கிருந்து கப்பலேறிப் பால்டிமோருக்கும், பிறகு கால்வாய்ப் படகிலும் ஓஹையோ ஆற்று நீராவிக் கப்பலிலும் செயின்ட் லூயிஸுக்கும் வந்து சேர்ந்தபோது, நிலம் பார்க்கப் போன இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் இறந்துவிட்டார்கள் என்றுகூட வதந்தி பரவியது. வழியில் சிலர் இறந்தார்கள், சிலர் பிரிந்து போனார்கள். ஆகஸ்ட் மாத நடுவில் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் 108 பேர். ஒரு குடும்பத்துக்கு 20 ஏக்கர் வீதம் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டுக்கொண்டார்கள். பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்களுக்கு 20 ஏக்கர் பெரிய சொத்தாகத் தெரிந்திருக்கலாம். அமெரிக்க விவசாயத்துக்கு அது போதாது என்பது சீக்கிரமே புரிந்தது.

இந்த ஊரின் வரலாற்றில் எனக்கு மிகவும் சுவையாகப் படுவது அடுத்து வந்த காலம்தான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கோதுமை பயிரிட்டதால் இவர்களும் கோதுமையைத்தான் நம்பினார்கள். ஒரே பயிரால் மண் சத்திழந்ததும், கதிரை உறிஞ்சும் பூச்சிகள் பெருகியதும் சேர்ந்து 1860-களில் அந்த விவசாயத்தைச் சாய்த்துவிட, மாடும் சீஸும் தெரிந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களுக்கு அப்போதுதான் மூலதனமாக மாறியது. நிக்கோலஸ் கெர்பர் 1868-இல் லிம்பர்கர் என்னும் கடும் வாடை கொண்ட சீஸ் வகைக்கு ஓர் ஆலை தொடங்கினார்; அதைப் பார்த்து வட்டாரமெங்கும் ஆலைகள் முளைத்தன. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் கறந்த பாலைக் குதிரை வண்டியில் வெகு தொலைவு கொண்டுபோக முடியாது என்பதால், சில மைல்களுக்கு ஓர் ஆலை தேவைப்பட்டது. பெரும்பாலும் அக்கம்பக்கத்து விவசாயிகள் கூட்டாகக் கட்டடத்தை எழுப்பி, சீஸ் செய்பவர் ஒருவரை அமர்த்திக்கொண்டார்கள். பால் கொடுத்துவிட்டு, சீஸ் எடுத்தபின் மிஞ்சும் மோர்நீரைப் பன்றிகளுக்காகத் திரும்ப எடுத்துப் போனார்கள். ஆக, நாள்தோறும் ஊரார் சந்தித்துக்கொண்ட இடம் தேவாலயம் என்பதைவிட ஆலை வாசல் என்பதே பொருந்தும்.

ஊர் மேட்டில் உள்ள வரலாற்று அருங்காட்சியகத்தில் இந்த ஆலைகளில் ஒன்றின் உட்புறத்தைப் பார்க்கலாம். மரப்பலகை வீடு, பள்ளிக்கூடம், கொல்லன் பட்டறை என்று 14 கட்டடங்கள் கொண்ட அந்த வளாகத்தை நடத்துவது ஊர்க்காரர்களின் வரலாற்றுச் சங்கம். ஆலைக்குள் ஓர் ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம் போன்ற செம்புக் கொப்பரை ஒன்று இருக்கிறது. பால் திரிந்ததும் வளையும் மெல்லிய பட்டையின் நுனியில் துணியைச் சுற்றி, கொப்பரையின் அடிவரை குனிந்து விட்டு, திரண்ட கட்டியை ஒரே வீச்சில் அள்ளித் தூக்க வேண்டும். முற்றிய பெரிய சீஸ் வட்டு ஒன்று ஏறக்குறைய 90 கிலோ எடை இருக்கும். இதைச் செய்து காட்டிய முதியவர், தம் தந்தை இந்தக் குனிதலால்தான் முதுகு வலியோடு வாழ்ந்தார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டடத்துக்கு எங்களை அழைத்துப் போனார். விஸ்கான்சினில் இன்றும் சீஸ் செய்ய மாநில உரிமம் வாங்கியாக வேண்டும். வேறெந்த அமெரிக்க மாநிலமும் அப்படிக் கேட்பதில்லை.

1887-இல் ரயில் கிளைப்பாதை வந்தது. 1901-இல் ஊர் தனி உள்ளாட்சியாகப் பதிவாயிற்று. 1910-இல், பின்னாளில் பெட் மில்க் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் இங்கே பாலைச் சுண்டக் காய்ச்சி டப்பாவில் அடைக்கும் ஆலையைத் திறந்தது. அரை நூற்றாண்டு காலம் ஊரின் பெரிய கூலியும் பெரிய கொள்முதலும் அதுவாகவே இருந்தன. 1962-இல் அந்த ஆலை மூடப்பட்டது. பத்தாண்டு கழித்து ரயிலும் நின்றது. மத்திய மேற்கில் எண்ணற்ற சிற்றூர்கள் இந்த இடத்தில்தான் தேய்ந்து போயின.

நியூ கிளாரஸ் தேயாமல் தப்பியதற்கு, அது ஏற்கெனவே சும்மா ஒரு ஆசைக்காகச் செய்துகொண்டிருந்த ஒரு காரியம் கைகொடுத்தது. எட்வின் பார்லோ என்ற ஊர்க்காரர் 1938-இல், கொடுங்கோல் ஆளுநரை எதிர்த்த சுவிஸ் வீரனைப் பற்றி ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லர் எழுதிய ‘வில்ஹெல்ம் டெல்’ நாடகத்தைத் திறந்தவெளியில் அரங்கேற்றினார். ஆண்டுதோறும் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி, மரங்கள் சூழ்ந்த சரிவில், பள்ளி மாணவர் முதல் ஓய்வுபெற்ற விவசாயி வரை ஊராரே நடிக்க, ஆடு மாடு குதிரை எல்லாம் மேடையேறும் நாடகம் அது. முதலில் ஜெர்மனிலும் பின்னர் ஆங்கிலத்திலும் நடந்தது. இப்போது ஜெர்மன் நிகழ்வுகள் அருகிவிட்டன. நான் பார்த்த ஆண்டில் ஆடுகளில் ஒன்று கொடுங்கோல் ஆளுநரின் வீராவேச வசனத்தின் நடுவே கத்தத் தொடங்கி நிறுத்தவே இல்லை. பார்வையாளர்களில் பாதிப் பேர் அந்த ஆளுநருக்கு உறவினர்கள் என்பதால் சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று.

ஆலை மூடிய பிறகு இந்த நாடகத்தைச் சுற்றியே ஊர் தன் பிழைப்பை மாற்றி அமைத்துக்கொண்டது. 1965-இல், சுவிஸ் சிறுவர் கதையின் நாயகியான ஹைடியின் பெயரில் ஹைடி விழா தொடங்கப்பட்டது. கடைத்தெருவுக்கு மர உப்பரிகைகளும் சரிவான கூரைகளும் வந்தன. இன்று புதிதாக வணிகக் கட்டடம் கட்டுபவர்கள் சுவிஸ் பாணியைப் பின்பற்ற வேண்டும் என்று உள்ளாட்சி விதியே இருக்கிறது. வங்கிக்குக்கூட ஆல்ப்ஸ் மலை விடுதியின் தோற்றம். இதில் ஓரளவு வேடம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தெருவில் கிளாரஸ் வட்டார வழக்கிலேயே பேசிக்கொண்டிருந்த மக்களின் பேரப்பிள்ளைகள் போடும் வேடம் என்பதால், அதைப் போலி என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

1993-இல் டெபோரா கேரி என்ற பெண்மணியும், பீர் வடிக்கும் கலை கற்ற அவருடைய கணவர் டானும் தொடங்கிய மது ஆலை இப்போது ஊரின் பெரிய அடையாளம். தங்கள் பீரை விஸ்கான்சின் எல்லைக்கு வெளியே விற்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. அண்டை மாநிலமான மினசோட்டாவில் ஒரு மதுக்கூடம் 2015-இல் அதைத் தானாகவே கொண்டுவந்து விற்று வழக்கில் மாட்டிக்கொண்டது. கோடைக்கால வார இறுதிகளில் பிற மாநிலக் கார்கள் பீரை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம்.

இவை வெளியூர்க்காரர்களுக்கான முகம். ஊரின் சொந்த முகத்தைப் பார்க்க விரும்பினால், செப்டம்பர் கடைசி ஞாயிறு தேவாலயத் திறப்பு நினைவாக நடக்கும் கில்பி விழாவுக்கோ, ஆகஸ்டில் சுவிஸ் தேசிய நாளை ஒட்டிய விழாவுக்கோ, அதுவும் இல்லையென்றால் சாதாரண ஒரு வெள்ளிக்கிழமை மாலைக்கோ போகலாம். வெள்ளி மாலை என்றால் விஸ்கான்சின் முழுவதும் வறுத்த மீன் சாப்பாடுதான். நியூ கிளாரஸும் விலக்கல்ல. 1893 முதல் நடக்கும் பியூம்பல்ஸ் மதுக்கூடத்தில், கம்பு போன்ற ரை தானிய ரொட்டியின் மேல் லிம்பர்கரும் பச்சை வெங்காயமும் வைத்துத் தருவார்கள். 1913-இல் வரையப்பட்ட சுவரோவியங்களின் கீழே, மணியும் கேடயமும் ரோஜாவும் ஓக் விதையும் பொறித்த 36 சீட்டுகளை வைத்து ஆடும் ‘ஜாஸ்’ என்ற சீட்டாட்டத்தை வயதானவர்கள் இன்னும் விட்டுவிடவில்லை. புதியவர்களுக்கு விதிகளைப் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். ஆனால் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளத் தயங்குவார்கள்.

தீயணைப்பு, அருங்காட்சியகம், நாடகம், பாடற்குழு எல்லாமே இங்கே சம்பளமில்லாத உழைப்பால் நடக்கின்றன. அதே சமயம் மேடிசனிலும் அதை அடுத்துள்ள வெரோனாவிலும் வேலை பார்த்துக்கொண்டு இங்கே வீடு வாங்குபவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு மாலை ஆறுக்குத் திரும்புபவரை நண்பகலில் தீ மணி அடித்தால் எங்கே தேடுவது? அவர்களுடைய பிள்ளைகள் டெல் நாடகத்தில் ஆட்டுக்குட்டி மேய்க்கும் சிறுவர்களாக நடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெற்றோர் ஒத்திகைக்கு அழைத்துவந்து காரிலேயே காத்திருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு ஆம் என்றே பதில் சொல்வேன், இந்தப் பெற்றோர் காரிலிருந்து இறங்குவார்களா என்ற ஐயத்தோடு.